பூஜ்ஜியம் மில்லிமீட்டர்

மஹபூப் பாஷாவின் இடது கணுக்காலுக்குள் வைத்த செயற்கை மூட்டு எழுநூற்று இருபத்தொன்பது நாட்களாக மயிரிழைகூட நகரவில்லை. இன்னும் ஒரு நாள் நகராமல் இருந்துவிட்டால் அதைக் கழற்றி எடுத்துவிடுவார்கள்.

அவர் உத்திரமேரூர் கடைத்தெருவில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். தொண்ணூற்றெட்டில் லாரியிலிருந்து கயிற்றுக் கட்டு இறக்கும்போது தவறி விழுந்து கணு நொறுங்கியது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அதிலிருந்து நொண்டி நொண்டித்தான் நடந்தார். நொண்டினாலும் நடந்தார். விடிகாலையில் பள்ளிவாசல், பிறகு கடை, மத்தியானம் சோற்றுக்கு வீடு, மறுபடி கடை. மழைக்காலத்தில் வலி கொஞ்சம் கூடும். கடையில் கிடக்கும் ஏதாவது ஒரு சணல் கயிற்றைக் கணுவில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். போய்விடும்.

இப்படி இருந்தவரை நன்றாக நடக்க வைக்கத்தான் இரண்டாயிரத்து ஒன்றில் மையம் வந்தது.

மையத்தின் முழுப் பெயர் 'கிராமப்புறச் செயற்கைக் கணுக்கால் நகர்வு மதிப்பீடு மற்றும் வடிவ மேம்பாட்டு மையம்'. காஞ்சிபுரம் சாலையில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லை வாங்கி வெள்ளையடித்துத் தொடங்கினார்கள். பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசி மூன்று சொற்கள் பக்கத்து மாட்டுத் தீவனக் கடையின் மேல் போய் உட்கார்ந்தன. அதனால் சுற்று வட்டாரத்தில் புண்ணாக்கு வாங்கப் போகிறவர்கள் வடிவ மேம்பாட்டு மையத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மையத்தின் வேலை எளிது. தேய்ந்த கணுவை அறுத்து எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பார்கள். மூட்டின் அடியில் மூன்று முளைகள் இருக்கும். எலும்பில் இறங்கி அதைப் பிடித்துக்கொள்வது அந்த முளைகள்தான். கூடவே கடுகில் பாதி அளவுள்ள உலோக மணிகள் சிலவற்றை எலும்புக்குள் பதித்துவிடுவார்கள். பிறகு மாதம் ஒரு முறை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நொடியில் எக்ஸ்ரே. மணிகள் எலும்போடு இருக்கும். மூட்டு மணிகளை விட்டு எவ்வளவு விலகியது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டுவிடலாம். இது உண்மையிலேயே நல்ல முறை. மையத்தில் ஒழுங்காக வேலை செய்தது இந்த இயந்திரம் ஒன்றுதான்.

அளவு துல்லியமாக வர வேண்டும் என்பதற்காக இயக்குநர் டாக்டர் வேதகிரி ஒரு விதி செய்திருந்தார். அளவு நாளில் நோயாளியின் கால் மையத்தின் தரையைத் தொடக் கூடாது. வாசலிலேயே ஆட்டோவிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பார்கள். எக்ஸ்ரே மேசையில் கிடத்துவார்கள். மறுபடி தூக்கி ஆட்டோவில் ஏற்றுவார்கள். மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளி நடந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. பார்க்கும் அவசியமும் வரவில்லை. நடப்பதை அளக்கும் கருவி எதையும் மையம் வாங்கவில்லை.

வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. மாதா மாதம் எக்ஸ்ரே எடுக்கும் மேரி, மூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

"விதிப்படி பண்றீங்களா பாய்?"

"பண்றேன்மா."

"அசையாதீங்க. மூச்ச இழுத்துப் புடிங்க."

ஒரு விஷயம் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும், பள்ளிவாசல் மோதினாருக்குத் தெரியும், தினமும் அவரை வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுபோய் இறக்கும் ஆட்டோக்கார எல்லப்பனுக்கு நன்றாகத் தெரியும். மையத்துக்கு மட்டும் தெரியாது. மையம் கடைத்தெருப் பக்கம் வந்து கேட்டதில்லை. கடைத்தெருவும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் பாய்க்கு என்ன ஆகும் என்பதும் கடைத்தெருவுக்குத் தெரிந்திருந்தது.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் அவரை எழுப்பி நிறுத்தினார்கள். அவர் போட்ட சத்தத்தில் தீவனக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டார். "எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்," என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

முதல் மாத அளவு பூஜ்ஜியம். வேதகிரி எழுந்து வந்து கை கொடுத்தார்.

"டாக்டர், இத எடுத்துடுங்க," என்றார் பாஷா. "எனக்கு அந்தப் பழைய நொண்டலே போதும்."

வேதகிரி சிரித்தார். கெட்டவர் இல்லை. எந்த நோயாளியிடமும் குரலை உயர்த்தியதில்லை.

"நகர்ந்திருந்தா எடுக்கலாம் பாய். நகராத மூட்ட என்ன காரணம் சொல்லி எடுக்கறது? இது வெற்றி."

"வலி உசுரு போவுதே."

"வலி எக்ஸ்ரேல விழறதில்ல பாய். விழுந்தா நானே முதல் ஆளா அளப்பேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். மூட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் எடுப்பார்கள். இல்லையென்றால் இரண்டு வருட ஆய்வு முடிய வேண்டும். முடிந்த அன்றே மையத்தின் செலவில் சென்னைக்கு அனுப்பி, மூட்டைக் கழற்றி, எலும்போடு எலும்பை ஒட்ட வைத்துவிடுவார்கள். கணு மடங்காது. ஆனால் ஊன்றலாம். நொண்டி நடக்கலாம். இது அவருடைய சொந்த வாக்கு. ஒரே நிபந்தனை. நடுவில் விதியை மீறியவர் ஆய்விலிருந்து நீக்கப்படுவார். அதற்குப் பிறகு மையத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது.

மூட்டு மட்டும் உள்ளேயே இருக்கும்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது அவர் மனைவி அலிமா சொன்னாள்: "நவுந்தா எடுப்பாங்களாம், நவுரலன்னா ரெண்டு வருஷமாம். இன்னா நாயம் இது? சரி. ரெண்டு வருஷம் வாயப் பொத்திக்கினு இருங்க. நம்ம வூட்டு விஷயம் அவனுங்களுக்கு இன்னாத்துக்கு?"

நீக்கம் என்றால் என்ன என்று ஆறாவது மாதம் தெரிந்தது.

மானாம்பதி சின்னராசு விவசாயி. பாஷாவுக்கு வைத்த அதே வாரம் அவருக்கும் மூட்டு வைத்தார்கள். அவருக்கு அறுபது சென்ட் நிலம், இரண்டு மாடு. வலிக்கிறது என்று உட்கார அவருக்கு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஆறாம் மாத அளவில் மூட்டு நான்கு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. விதிப்படி எடுக்க வேண்டும். குழு கூடியது. நோயாளிகளும் சக்கர நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். வேதகிரி எழுந்தார்.

"நான்கு மில்லிமீட்டர் என்று இயந்திரம் சொல்கிறது. இயந்திரத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் இந்த நோயாளி உழவு நிலத்தில் நடந்திருக்கிறார். நமது மூட்டு சமதளத்துக்காக வடிவமைக்கப்பட்டது. ஆகவே நகர்ந்தது மூட்டு அல்ல, மண். மண்ணின் நகர்வுக்கு மையம் பொறுப்பேற்க இயலாது."

"மண்ணு எங்க சார் நவுரும்?" என்று கத்தினார் சின்னராசு. "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அங்கியேதான் கீது! காலப் பாரு சார், கால்தான் கோணிக்கினு போவுது!"

விதியை மீறிய பரப்பில் நடந்ததற்காக அவர் நீக்கப்பட்டார். விதியில் பரப்பு பற்றி எதுவும் இல்லை என்று யாரோ சொன்னதும், அன்று மாலையே அதையும் விதியில் சேர்த்துவிட்டார்கள். சின்னராசுவைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலில் இறக்கினார்கள். அவர் ஆய்வில் இல்லாததால் இனி அவர் கால் தரையைத் தொடலாம். தொட்டது. பக்கவாட்டில் மடங்கியது. இப்போது அவர் மானாம்பதியில் கட்டிலில் கிடக்கிறார். மாடுகளை விற்றாகிவிட்டது.

அடுத்தது ராஜகுளம் சடையப்பன். ஒரு தறிக்கூடத்தில் காவலாளி. எட்டாம் மாதம் அவர் காலில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவருடைய கடைசி அளவு ஒன்று புள்ளி ஒன்பது. இரங்கல் கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌனம் காத்த பிறகு வேதகிரி பேசினார்.

"அவர் இரண்டைத் தொடவில்லை. கடைசி மூச்சுவரை தொடவில்லை. இறந்த பிறகு நகர்வு முழுவதுமாக நின்றுவிட்டது. நண்பர்களே, மூட்டு அவரைவிட உறுதியாக இருந்தது."

கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் முன் வரிசை மெதுவாகத் தட்டியது.

அதன் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவர் மாடிப்படி ஏறினார். ஒருவர் திருவிழாவில் சாமி தூக்கினார். ஒரு பெண் கர்ப்பமானாள், அந்த எடை வடிவமைப்பில் இல்லை. நடந்தவர்களுக்கெல்லாம் நகர்ந்தது. நகர்ந்தவர்களெல்லாம் ஏதோ ஒரு விதியை மீறியிருந்தார்கள். பன்னிரண்டு பேரோடு தொடங்கிய ஆய்வில் இரண்டாம் வருடத்தில் மிஞ்சியவர் மஹபூப் பாஷா ஒருவர்தான். அவருடைய அளவு மாதா மாதம் பூஜ்ஜியம். ஆகவே மையத்தின் வெற்றி நூற்றுக்கு நூறு.

பூஜ்ஜியம் வரவர மையத்தில் அவருக்கு மரியாதை கூடியது. சக்கர நாற்காலிக்கு மெத்தை போட்டார்கள். அவர் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்த படம். டெல்லியிலிருந்து வந்த ஆய்வுக் குழு ஒன்று நாற்காலிக்கு அடியில் இருந்த அவர் செருப்புகளைக் கையிலெடுத்துப் பார்த்தது. வலது செருப்பு குதிகாலில் ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இடது செருப்பில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

"அருமை," என்றார் குழுத் தலைவர். "செயற்கை மூட்டுள்ள பக்கம் தேய்மானமே இல்லை. இயற்கை மூட்டைவிட இது மென்மையாகத் தரையைத் தொடுகிறது."

வீட்டுக்கு வந்ததும் அலிமா அந்தச் செருப்பை வாங்கிப் பார்த்தாள். "அடுத்த தபா வாங்கறப்ப ஒத்த செருப்பு குடுப்பானான்னு கேட்டுப் பாக்கறேன்," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பதினெட்டாம் மாதம் மேரி எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு வேதகிரியைக் கூப்பிட்டாள். கணுவைச் சுற்றியிருந்த எலும்பு படத்தில் சாம்பல் பூத்த கரி மாதிரி வெளுத்துப் போயிருந்தது. ஊன்றாத எலும்பு கரையும் என்பது மருத்துவக் கல்லூரியில் முதல் வருடமே சொல்லித் தருகிற பாடம். வேதகிரி படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க," என்றார். "மணி ஒவ்வொண்ணும் முத்து முத்தா தெரியுது. முன்னெல்லாம் எலும்பு குறுக்க நிக்கும்."

அந்த வருடம்தான் வடிவ மேம்பாடு தொடங்கியது.

மூன்று முளைகளோடு மூட்டு நகரவில்லை. அப்படியென்றால் மூன்று தேவையில்லை என்று குழு முடிவு செய்தது. வரைபடத்தில் ஒரு முளையை நீக்கினார்கள். அடுத்த மாதமும் பாஷாவின் அளவு பூஜ்ஜியம். அவர் காலில் இருந்தது மூன்று முளை மூட்டுதான். ஆனாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தானே. இன்னொரு முளையை நீக்கினார்கள். அதற்கடுத்த மாதமும் பூஜ்ஜியம். கடைசி முளையும் போயிற்று. அடியில் வழவழப்பாக, சோப்புக் கட்டிபோல, முளையே இல்லாத மூட்டு தயாரானது. செய்வது சுலபம், எடை குறைவு, பார்க்க அழகு. அதற்கு 'வடிவம் நான்கு' என்று பெயர் வைத்தார்கள்.

எழுநூற்று முப்பதாம் நாள் நிறைவு விழா. மைய வாசலில் சென்னைக்குப் போகும் வேன் நின்றது. வேதகிரி வாக்குத் தவறவில்லை. அங்கே மருத்துவமனையில் படுக்கை சொல்லியாகிவிட்டது. மறுநாள் கழற்றிவிடுவார்கள்.

எல்லப்பன் ஆட்டோவிலிருந்து பாஷாவைத் தூக்கினான்.

"வா பாய். இன்னியோட சரி. ரெண்டு வருஷமா உன்னத் தூக்கித் தூக்கி எனக்கே கணு தேஞ்சி பூட்சு. எனக்கு ஒண்ணு வெச்சிடப் போறானுங்கோ."

"வாய வெச்சிக்கினு சும்மா இர்றா," என்றாள் அலிமா. கையில் துணிப் பை. அதில் அவர் லுங்கி, பனியன், தஸ்பீஹ் மாலை, இரண்டு செருப்புகளும். புருஷன் பக்கம் குனிந்து சொன்னாள்: "மைக்க குடுப்பாங்கோ. 'நவுரல, நன்றி'. ரெண்டே வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணியும் பேசக் கூடாது. நான் வேன்ல குந்திக்கினு இருக்கேன்."

மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அதற்கு உரியவள் கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அளவு தொடங்கும்வரை அவளுக்கு விதி இல்லாததால் நடந்தே வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து, இடுப்பை வலப் பக்கம் சாய்த்து, ஒரு எட்டு, ஒரு இழுப்பு. மேடைப் படி நான்கையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பாஷா அவள் காலையே பார்த்தார். அது அவருடைய நொண்டல். அச்சு அசல் அவருடையது. பள்ளிவாசலுக்கும் கடைக்கும் வீட்டுக்கும் போய் வந்த நொண்டல்.

அவள் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டாள்: "நீங்கதான் அந்த பூஜ்ஜியம் பாயா?"

"ஆமாமா."

"நான் பிரபா. ஓரிக்கை. நாளைக்கு எனக்கு வெக்கறாங்கோ. முளை இல்லாததாம். மொதல் ஆளு நான்தானாம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"இப்ப எவ்ளோ தூரம் நடப்பமா?"

"இன்னா, நொண்டிக்கினுதான். பையன் கார்த்திக்க இடுப்புல வெச்சிக்கினு பால்வாடி வரைக்கும் போவேன். நடுவுல ரெண்டு தபா குந்தி எந்திரிக்கணும். பேஜாராத்தான் கீது."

"ஆனா போயிடுவ."

"போயிடுவேன். ஏன் பாய்?"

அவர் மறுபடி அவள் காலைப் பார்த்தார்.

"இத வெச்சிக்கினா நல்லா நடக்கலாமான்னு டாக்டராண்ட கேட்டேன்," என்றாள் பிரபா. "உங்களக் கேக்கச் சொன்னாரு."

அதற்குள் வேதகிரி பேச எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் பொன்னாடை.

"நூற்றுக்கு நூறு. இந்தச் சொற்களைச் சொல்ல நான் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன். பொறாமைக்காரர்கள் சிலர் கேட்கிறார்கள், உங்கள் நோயாளி நடக்கிறாரா என்று. நண்பர்களே, அது மூட்டைப் பற்றிய கேள்வி அல்ல. நோயாளியைப் பற்றிய கேள்வி. நோயாளி என்பவர் மூட்டுக்கு வெளியே உள்ள ஒரு காரணி. அவர் ஏர் ஓட்டுவார், படி ஏறுவார், இறந்தும் போவார். அந்தக் காரணியை ஒவ்வொன்றாக நீக்கி நீக்கித்தான் இந்தத் தூய முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்தப் பூஜ்ஜியத்தின் பலன் நாளை காலை எட்டு மணிக்குச் சகோதரி பிரபாவுக்குக் கிடைக்கப் போகிறது. அடுத்த ஆண்டு நாற்பது பேருக்கு."

கைதட்டல் அடங்க நேரமானது. வாசலில் வேன் ஓட்டுநர் இன்ஜினைப் போட்டார். வேன் ஜன்னலில் அலிமாவின் முக்காடு தெரிந்தது. மைக்கைத் துடைத்துப் பாஷாவின் கையில் கொடுத்தார்கள்.

"நவுரல," என்றார்.

மறுபடி கைதட்டினார்கள். வேதகிரி மைக்கை வாங்கக் கை நீட்டினார். பாஷா கொடுக்கவில்லை.

பிரபாவின் கால்கள் நாற்காலிக்குக் கீழே இருந்தன. செருப்பைப் படியடியில் விட்டிருந்தாள். இரண்டு உள்ளங்காலின் ஓரத்திலும் ஓரிக்கைப் புழுதி அப்பியிருந்தது. வலதைவிட இடதில் கொஞ்சம் குறைவு. ஆனால் இருந்தது. அவர் குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தார். நாற்காலியின் மிதிகட்டையில், பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையின் பாதம்போல, கோடுகூட இல்லாமல் இருந்தது.

"நன்றி சொல்லுங்க பாய்," என்று காதோரம் சொன்னார் வேதகிரி. "வண்டி நிக்குது."

"நிக்கட்டும் டாக்டர். இந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. பதில் சொல்லிடறேன்."

வேனிலிருந்து அலிமா இறங்கிவிட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அந்தத் தூரத்திலும் அவள் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடுவது தெரிந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஆபரேசன் ஆன மூணாம் நாளு ஒரே ஒரு தபா ஊனுனேன்மா. அப்புறம் இன்னிக்கு வரைக்கும் இந்தக் காலு தரையில பட்டதே இல்ல. நான் ஒரு அடிகூட நடக்கல."